வேதவல்லி மேடம் குடிக்காத ஒரு டம்ளர் தண்ணீர்

வேதவல்லி மேடம் போன செவ்வாய்க்கிழமை காலை ஸ்ரீரங்கத்தில் தம் வீட்டிலேயே காலமானார். மாரடைப்பு. பணி ஓய்வு பெற இன்னும் நாற்பது நாள் பாக்கி இருந்தது.

அவருடைய கணவர் சௌந்தரராஜன் சார்தான் போன் செய்தார். "பாய், வேதா பரமபதிச்சுட்டா. காபி டம்ளரைக் கையில வாங்கினா, அவ்ளோதான்." இன்னாலில்லாஹி என்றேன். கடையில் கேன் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்களை நிறுத்தச் சொல்லிவிட்டு ஷட்டரை இறக்கினேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் மாநகராட்சியில் சுற்றுச்சூழல் தர வல்லுநர். ஊர் குடிக்கிற தண்ணீரைச் சோதிப்பது வேலை. நான் தென்னூரில் தண்ணீர் கேன் வியாபாரி. சைக்கிளில் நாலு கேன் கட்டிக்கொண்டு தொடங்கி, சொந்தமாகப் போர் போட்டு, மெஷின் வைத்து முன்னுக்கு வந்தவன். அவரைப் போன்றவர்களை எப்படிச் சமாளிப்பது என்று எனக்குத் தெரியும் என நினைத்திருந்தேன்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் அவர் சோதனைக்கு வரப்போவது எப்படியோ என் காதுக்கு எட்டியது. முதல் நாளே தொட்டியில் ப்ளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டினேன். கிருமி செத்தால் ரிப்போர்ட் சுத்தமாக வரும் என்பது என் கணக்கு. வந்தவர் குழாயைத் திறந்ததுமே மூக்கைச் சுளித்தார். சின்னக் குப்பியில் தண்ணீரைப் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டார். குளோரின் அளவு மீறி ஆரஞ்சு நிறத்துக்குப் போய்விட்டது.

"என்ன பாய், கேன்ல நீச்சல் குளத்தை வச்சு விக்கறேளா?"

ஆட்கள் சிரித்துவிட்டார்கள். நான் அசடு வழிந்து, "முதல்ல உட்காருங்க மேடம், வெயில்ல வந்திருக்கீங்க" என்று ஒரு டம்ளர் தண்ணீர் நீட்டினேன். "சாம்பிள் எடுக்கற இடத்துல நான் எதுவும் வாங்கிக்கறதில்லை" என்றார். தம் பையிலிருந்த பாட்டிலை எடுத்துக் குடித்தார். என் தண்ணீரைக் கேவலப்படுத்திவிட்டார் என்று எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் சொல்லாமல் வந்தார். கடைக்குள் வரவே இல்லை. வாசலில் கிளம்ப நின்ற ஆட்டோவிலிருந்து சீல் வைத்த கேன் ஒன்றை இறக்கச் சொல்லி, அதிலிருந்து பாட்டிலில் பிடித்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். முடிவு வந்தது. மலக்கிருமி.

கடையை மூட உத்தரவோடு வந்தபோது தெருவே பார்க்கக் கத்தினேன். "ஏழை பொழப்புல கை வைக்கிறீங்களே மேடம், நல்லாயிருப்பீங்களா?" அவர் குரலை உயர்த்தவில்லை. "உங்க கேன் போற ஆத்துல யாருக்காவது வயித்தால போச்சா பாய்?" என்று மட்டும் கேட்டார்.

போயிருந்தது. இரண்டு வீட்டிலிருந்து வந்து கேட்டார்கள். ஒரு வீட்டில் கைக்குழந்தை. "வெளியில எதையாவது தின்னிருப்பீங்க" என்று நான்தான் விரட்டியிருந்தேன். அதை அவரிடம் சொன்னேன். எதற்காகச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் உடனே அந்த வீடுகளுக்கு நடந்து போனார். நானும் பின்னாலேயே போனேன். குழந்தை பிழைத்திருந்தது. அந்தத் தாய் என்னைப் பார்க்காமல் மேடத்திடமே பேசினாள்.

குற்றம் என் கட்டடத்திலேயே இருந்தது. இடத்தை மிச்சம் பிடிக்க செப்டிக் டேங்குக்கு அருகிலேயே போர் போட்டிருந்தேன். டேங்க் விரிசல் விட்டிருந்தது. மேடம் வெயிலில் நின்று, எங்கே தோண்ட வேண்டும், எதை மூட வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். திரும்பத் திறந்த அன்று, சோதனை முடிவை வாசலில் ஒட்டச் சொன்னார். "நல்லது வந்தாலும் ஒட்டணும், கெட்டது வந்தாலும் ஒட்டணும். முடியுமா?" என்றார். முடியும் என்றேன். அந்தத் தாளைப் படித்துவிட்டுத்தான் எனக்குப் பாதி வாடிக்கையாளர்கள் வந்தார்கள். இரண்டு தடவை கெட்டதும் வந்தது. ஒட்டினேன், மூடினேன், சரி செய்து திறந்தேன்.

பிறகும் மாதம் ஒரு முறை வருவார். எந்த நாள் என்று ஒருபோதும் சொன்னதில்லை. குழாய் வாயைத் துடைத்து, நெருப்பில் காட்டி, தண்ணீரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிப்பார். நானும் ஒவ்வொரு தடவையும் டம்ளரை நீட்டுவேன். அவரும் கையெடுத்துக் கும்பிட்டு மறுப்பார். போன மாதம்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரிட்டயர் ஆன மறுநாள் வரேன் பாய். அன்னிக்கு உங்க தண்ணியைக் கேட்டு வாங்கிக் குடிக்கறேன்." அதற்காகப் பெரிய கடைவீதியில் புது வெள்ளி டம்ளர் ஒன்று வாங்கி வைத்திருந்தேன்.

செவ்வாயன்று ஸ்ரீரங்கம் போனேன். கூடத்தில் மேடத்தைக் கிடத்தியிருந்தார்கள். வாசலில் அவருடைய ஐஸ் பெட்டி கிளம்பத் தயாராக இருந்தது. உள்ளே ஒரு காலி பாட்டில். லேபிளில் அவர் கையெழுத்தில் 'தென்னூர்' என்று எழுதியிருந்தது. "இன்னிக்கு உங்க கடைக்குத்தான் வரதா இருந்தா" என்றார் சௌந்தரராஜன் சார். அந்த முதல் சோதனைக்குப் பிறகு, அவர் வரவிருந்த நாள் எனக்குத் தெரிந்தது இந்த ஒரு முறைதான். அந்தப் பெரிய மனிதர் முன்னால் வாய்விட்டு அழுதேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "அவ உங்களைத் திட்டினதே இல்லை பாய்" என்றார். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

வெள்ளி டம்ளர் மேஜையில் இருக்கிறது. இனி அதில் யாருக்கும் ஊற்ற மாட்டேன். போய் வாருங்கள் மேடம். உங்கள் இடத்துக்கு ஆள் வரும்வரை என் தண்ணீரைச் சோதிக்காமல் விட மாட்டேன்.

நேற்று மன்னார்புரத்தில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பேசி முடித்துவிட்டேன். ஒரு பாட்டிலுக்குத் தொள்ளாயிரம் ரூபாய், மாதம் ஒரு தடவை. எந்த நாள் வருகிறார்கள் என்று எனக்குச் சொல்லக் கூடாது. என்ன முடிவு வந்தாலும் வாசலில் ஒட்டப்படும். வருகிறவர் என் கடையில் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது.