காதர் ஒட்டாத தோல்முனை

கூடுவாஞ்சேரியில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம், மேஜைமேல் குச்சியால் பந்து அடிக்கும் பில்லியர்ட்ஸ் கூடம். பெரிய மேஜை ஒன்று, சின்னது ஒன்று. சுவரில் பத்துக் குச்சிகள், பத்தும் ஒரே அளவு.

"சின்ன மேஜைக்கு எதுப்பா?" என்றேன்.

"எதுனா ஒண்ண எடு பெருசு" என்றான் கடைக்காரன்.

எதுனா ஒன்றாம்! குச்சி முனையில் தேய்க்கும் நீலச் சாக்கட்டி வாசனை மூக்கில் ஏறியது. சனியன், கூடவே காதரும் நினைவில் வந்துவிட்டான்.

ஐம்பதுகளில் செங்கல்பட்டில் அதிகாரிகள் கிளப் ஒன்றில் இருவரும் வேலை செய்தோம். ஆட்டத்தில் புள்ளி எண்ணிச் சொல்வது நான். குச்சிகள் அவன் பொறுப்பு. கிளப்பின் பன்னிரண்டடி மேஜைக்கு நீளமான, கனத்த குச்சி. மாமல்லபுரம் பக்கம் அதிகாரிகள் ஓய்வெடுக்கப் போகும் கடற்கரை பங்களாவில் ஆறடி மேஜை. அறையும் சின்னது, பந்தும் சின்னது. அதற்குக் குட்டைக் குச்சி; நுனியில் ஒட்டியிருக்கும், பந்தில் படுகிற தோல்முனையும் சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. ஒருமுறை அங்கே நீளக் குச்சியைக் கொண்டுபோனேன்.

"இன்னா மச்சான், பந்த அடிக்கவா, பின்னால செவுத்த இடிக்கவா?" என்றான் காதர்.

நியாயமான கேள்வி. அந்த வயதில் எனக்கு மூளை எங்கே இருந்ததோ!

தோலை வஜ்ஜிரம் காய்ச்சி ஒட்டுவான். தச்சர்கள் பலகை ஒட்டுவார்களே, அதே பசை, அதே நாற்றம். கடற்கரைக்குப் போகிற குச்சியை மூன்று நாள் தொடவிட மாட்டான். "உப்புக் காத்து பட்டா பச்ச வஜ்ஜிரம் எளகிடும்டா. கம்முனு காய வுடு."

ஒருநாள் அவன் மகளுக்குக் காய்ச்சல். தாமதமாக வந்தான். அவன் வருவதற்குள், பெரிய அதிகாரி பங்களாவுக்குக் கிளம்புகிறார் என்று தகவல். குட்டைக் குச்சியின் தோல் தேய்ந்திருந்தது. நானே புதிதாக ஒட்டி, ஒரு மணி நேரத்தில் ஜீப்பில் வைத்துவிட்டேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு. காதரிடம் சொல்லவில்லை. சொன்னால் திட்டுவான்.

காதரும் நானும் கூடவே போனோம். பங்களாவில் அதிகாரியின் மூன்றாவது அடியில் தோல் பறந்தது. வெறும் மரமுனை மேஜைத் துணியைச் சாண் நீளம் கிழித்தது.

"எவன்யா ஒட்டினது?" அதிகாரி கத்தினார்.

எல்லாரும் காதரைப் பார்த்தார்கள். அவன் குச்சி நுனியை விரலால் தொட்டான். பிசுபிசுத்தது. என்னைப் பார்த்தான். நான் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தேன். கோழைப் பயல் நான்.

"நான் இல்லீங்க" என்றான். என் பெயரைச் சொல்லவில்லை. அங்கேயே அவன் வேலை போனது.

வாசலில் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "பொண்டாட்டி புள்ள இல்லாதவன் நீ. வாயத் தொறந்தா இன்னா கொறஞ்சிருக்கும் மச்சான்?"

அந்த வேலையில் நான் இன்னும் பல வருஷம் இருந்தேன். சோறும் இறங்கியது.

பிற்பாடு மார்க்கெட் தெருவில் அவன் வீட்டைத் தேடிப் போனேன். "அவங்க வூட்ட காலி பண்ணிகினு போயி ரொம்ப நாளாவுது" என்றாள் வாசலில் நின்றவள். எங்கே என்று அவளுக்குத் தெரியாது.

கிளப்பை இடித்துவிட்டார்கள். பங்களா இருந்த இடத்தில் மணல்கூட இல்லை, கடல்தான். அதிகாரியும் செத்துப்போனார். நான்தான் ஒட்டினேன் என்று இன்று நடுரோட்டில் நின்று கத்தினாலும், எதை என்று கேட்க ஓர் ஆள் இல்லை.