வத்தைக்குத் தண்ணீர் விட்டது

பூநகரிப் பக்கம் நான் போனது கடலட்டைப் பண்ணையில் காவலுக்கு. அதற்கு முன் பரந்தனில் ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கினேன். அதற்கும் முன் வீட்டுத்திட்ட வேலைகளில் மேசன்மாருக்குச் சாந்து குழைத்துக் கொடுத்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு இடத்தில் ஒரு வருடம் நின்றால் எனக்கு அது அதிகம்.

கரையில் எனக்குப் போட்டுத் தந்த தகரக் கொட்டிலின் கூரையைச் சோளகக் காற்று முதல் கிழமையே கழற்றிக்கொண்டு போய்விட்டது. கொஞ்சம் தள்ளி ஒரு பழைய வத்தை சேற்றில் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. விறகும் நெல்லும் ஓடும் ஏற்றிக் கடல்நீரேரியைக் கடந்து யாழ்ப்பாணப் பக்கம் போய்வந்த அகலமான மரப்படகு. முன்பக்கத்தில் பாதிக்குப் பலகைத் தட்டு இருந்தது. அதன் கீழே பாயை விரித்தேன். காற்று மேலால் போனது. இரண்டு மாதத்தில் பண்ணையை மூடிவிட்டார்கள். மற்றக் காவல்காரர் பஸ் ஏறிப் போனார்கள். எனக்குப் போக ஒரு இடம் ஞாபகத்துக்கு வரவில்லை. அங்கேயே கிடந்தேன்.

வத்தையின் சொந்தக்காரி கரையில் கருவாடு போடும் ஒரு அக்கா. வத்தை அவவின் தகப்பனுடையது. பிள்ளைகள் கலியாணம் செய்து வேறு ஊர்களில். ஒருநாள் வந்து வெளியில் நின்று தட்டினா.

"உள்ளுக்கு ஆர்? மனிசரோ நாயோ?"

"மனிசன்தான் அக்கா."

"அப்ப வெளியில வாரும். இதைப் பாண் சுடுற பரந்தன் போறணைக்காரருக்கு விறகுக்குக் குடுக்கப்போறன். மாசியில நிலம் காய ட்ரக்டரோட வருவார்."

"நல்ல மரமெல்லோ அக்கா. எரிக்கவோ?"

"கண்ணுக்கு முன்னால கிடந்து உக்குறதை விட எரிஞ்சு பாணாப் போகட்டும்."

நான் திருத்திப் பார்க்கிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. படகு வேலை எனக்குத் தெரியாது. உருத்திரபுரத்து வயல்காரக் குடும்பம் எங்களுடையது. வாய்க்காலும் வரம்பும்தான் நாங்கள் கண்ட தண்ணீர். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தா.

"மாரித்தண்ணி கரைக்கு ஏறுமெல்லோ? அப்ப இது தானா மிதந்தா நீரே வைச்சிரும். மிதக்காட்டி மாசியில போறணைக்கு."

அப்படித்தான் தொடங்கியது. ஆவணி, புரட்டாதி இரண்டு மாதமும் வேலை செய்தேன். உக்கிய பலகைகளைக் கழற்றினேன். இடிந்த வீடுகளின் வேப்பமரக் கதவு நிலைகளை விலைக்கு வாங்கி அறுத்துப் போட்டேன். விலா மரம் ஒன்று முறிந்திருந்தது. அதற்கு வளைந்த பூவரசங்கொம்பு தேடிச் சைக்கிளில் மூன்று ஊர் அலைந்தேன். அடியில் ஒரு பக்கத்தில் விரல் நுழையும் ஓட்டைகளை மூடிச் சின்னச் சின்னத் தகரத் துண்டுகள் வரிசையாக அடித்திருந்தன. யுத்தத்தில் இடம்பெயர்ந்த காலத்தில் இந்த வத்தை சனம் ஏற்றியது என்று அக்கா சொல்லியிருந்தா. தகரங்களை அப்படியே விட்டேன்.

குடிதண்ணீர் பிளாஸ்டிக் கானில் நிரப்பிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரவேண்டும். போன் சார்ஜ் போட ஒரு கடை இருந்தது. அங்கே நின்றால் கடைக்காரர் இரண்டு கதை கதைப்பார், அதற்காகவே சார்ஜ் முழுவதும் ஏறும்வரை நிற்பேன். மற்றபடி ஆள் இல்லை. சில நாள் மாலையில் தொண்டையைச் செருமிப் பார்த்தால்தான் காலையிலிருந்து நான் ஒரு சொல்லும் பேசவில்லை என்று தெரியும். அதைப் பெரிய துன்பம் என்று சொல்லமாட்டேன். பல்வலி போல. வேலையில் இருந்தால் மறந்துபோகும்.

பலகைகள் காய்ந்து சுருங்கி இடுக்குகளில் வெளிச்சம் தெரிந்தது. எனக்குத் தெரிந்த வேலை ஒன்று இருந்தது. சீமெந்து வாங்கிவந்தேன். மணல் அரித்துக் குழைத்து ஒவ்வொரு இடுக்கிலும் சாந்தகப்பையால் அழுத்தி, மட்டப்பலகையால் இழுத்து, ஈரச்சாக்குப் போட்டுத் தண்ணீர் தெளித்தேன். வீட்டுத்திட்டத்தில் எந்த மேசனும் குறை சொல்லமுடியாத வேலை. பெருமையாக அக்காவைக் கூட்டிவந்து காட்டினேன்.

அவ வத்தையைச் சுற்றி ஒரு நடை நடந்தா. பிறகு சிரிப்புத் தாங்காமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டா.

"தம்பி, இது வத்தையோ, கக்கூசுக் குழியோ?"

"ஏன் அக்கா, ஒரு சொட்டும் வராது."

"மரம் தண்ணி குடிச்சா வீங்கும். சீமெந்து விலத்துமோ? பலகையைத்தான் தள்ளும். ஆணியெல்லாம் கழரும். என்ர அப்பா இருந்திருந்தா உம்மையும் சேத்துப் பூசியிருப்பார்."

போட்டதைவிட எடுப்பதற்குத்தான் கூட நாள் போனது. உளியும் பழைய ஸ்குரூ ட்ரைவரும் வைத்துக் கொத்தினேன். பிறகு கரையில் எல்லாரும் செய்வது போலப் பஞ்சுத் திரியை இடுக்கில் மெல்ல அடித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி மேலே பூசினேன். திரியை இறுக்கி நிரப்பவேண்டாம், மரம் வீங்க இடம் விடவேணும் என்று அக்கா சொல்லியிருந்தா. அதனால் இன்னும் ஊசி நுழையும் இடைவெளிகள் இருந்தன.

"இனி உள்ளுக்குத் தண்ணி விடும்" என்றா. "உப்புத்தண்ணி. முழங்காலளவு. அதுக்கு மேல விட்டா தரையில பாரம் தாங்காது. ஊறி ஊறித்தான் பலகை ஒண்டையொண்டு பிடிக்கும்."

எனக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. என் பாய், அடுப்பு, அரிசி வாளி, உடுக்கிற இரண்டு சாரம், எல்லாம் அதற்குள்தான். இத்தனை நாளும் ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரக்கூடாது என்றுதான் வேலை செய்தேன். நானே எப்படி விடுவது? நாளைக்கு என்று தள்ளினேன். ஐப்பசி பிறந்து வடக்கே இடி முழங்கத் தொடங்கியது. தண்ணீர் கரைக்கு ஏறும்போது பலகை காய்ந்தபடி இருந்தால் வத்தை இருந்த இடத்திலேயே நிரம்பிக் கிடக்கும். மாசியில் ட்ரக்டர் வரும்.

ஒரு காலையில் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். வெளியில் அடுக்கியபோது அது ஒரு சைக்கிள் கரியரில் கட்டக்கூடிய அளவுதான் இருந்தது. வயலுக்கு இறைக்கும் வாட்டர் பம்ப் ஒன்றை வாடகைக்கு எடுத்துவந்து, குழாயின் ஒரு நுனியைக் கடலில் போட்டு, மற்ற நுனியை வத்தைக்குள் விட்டேன். கரையில் வலையிலிருந்து மீன் கழற்றிக்கொண்டிருந்த இரண்டு பேர் எழும்பி வந்தார்கள்.

"என்ன அண்ணை, உள்ளுக்குக் காலபோக நெல்லு விதைப்போ?"

"ஓம், ஆட்டக்காரி நெல்லு விதைக்கப்போறன். விளைஞ்சதும் அருவி வெட்ட வாங்கோ."

"அப்ப வரம்பை அடையுங்கோ, தண்ணி வெளியில ஓடுது!"

உண்மைதான். ஒவ்வொரு இடுக்காலும் ஊற்றியது. உள்ளே விட்டதெல்லாம் சேற்றுக்குள் போனது. மாலைவரை இறைத்தும் கணுக்கால் நனையவில்லை. பம்பை நிறுத்தியபோது காது அடைத்திருந்தது. அவர்கள் வலையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அன்றைக்கு அக்காவின் கருவாட்டு வாடியில் ஒரு மூலையில் படுத்தேன். சுவர் இல்லாத இடம். வத்தைக்குள் தனியாக இருந்தபோது நான் ஒரு வீட்டுக்காரன் போல இருந்திருக்கிறேன் என்று அங்கே படுத்தபோதுதான் தெரிந்தது.

அடுத்த நாளும் இறைத்தேன், அதற்கு அடுத்த நாளும். ஊற்றியது சொட்டாகியது. சொட்டு வியர்வையாகியது. வெளிப்பக்கத்தைக் கையால் தடவினால் ஈரம் மட்டும் ஒட்டியது. பின்பக்கத்தில் ஒரு மூலை மட்டும் கடைசிவரை கசிந்துகொண்டே இருந்தது. தண்ணீர் முழங்காலளவு நின்றதைப் பார்க்க அக்கா வந்தா. கையை விட்டு அளைந்து, அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டா.

கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. தண்ணீர் சேற்றைத் தாண்டி வத்தையின் அடிக்கு வந்தது. உள்ளே இருந்த தண்ணீரை வாளியால் அள்ளி வெளியே ஊற்றினேன். பாதி ஊற்றும்போது சேறு ஒரு சத்தத்தோடு அடியை விட்டது. வத்தை நிமிர்ந்து ஒரு பக்கம் நகர்ந்தது. நான் விழுந்துவிட்டேன். விழுந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தேன். அடியில் தரை இல்லை.

அக்கா குடையோடு வந்து கரையில் நின்றா. போறணைக்காரருக்குப் போன் எடுத்து, வேறு விறகு பார்க்கச் சொல்லிவிட்டதாகச் சொன்னா.

"ஏறுங்கோ அக்கா. ஒரு சுத்துச் சுத்துவம்."

"வேண்டாம் தம்பி. கடைசியா நான் இதில ஏறினது வேற மாதிரி. நீர் இரும்."

தரை தட்டாமல் இருக்க வத்தையைக் கொஞ்சம் வெளியே தள்ளிக் கட்டவேண்டியிருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நடந்துதான் இனி வரவேண்டும். யாரும் வரமாட்டார்கள் என்பது அன்றைக்கே விளங்கிவிட்டது. பொருட்களைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தேன். யாருக்காவது சொல்லவேண்டும் போல இருந்தது. பூவரசங்குளத்தில் இருக்கும் தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். பொங்கலுக்குப் பிறகு அவளோடு கதைக்கவில்லை.

"மிதக்குது" என்றேன்.

"என்ன மிதக்குது? அண்ணை, குடிச்சிருக்கிறியளோ?"

"இல்லையடி. நான் இருக்கிற வத்தை. நான்தான் திருத்தினனான்."

பின்னால் பிள்ளைகள் சண்டைபிடிக்கும் சத்தம் கேட்டது.

"தண்ணிக்கு மேலயோ இருக்கிறியள்? அண்ணை, உங்களுக்கு நீந்தத் தெரியாதெல்லோ?"

தெரியாது என்றேன். அவள் பிள்ளைகளை ஏசிக்கொண்டே, பிறகு எடுக்கிறேன் என்று வைத்துவிட்டாள். பின்மூலையில் தண்ணீர் ஊறியிருந்தது. வாளியை எடுத்தேன்.