பதினாறு டிகிரி

ராக்கெட்டுக்குள் வைக்கும் திட எரிபொருளை இழுத்துப் பார்ப்பதுதான் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் என் வேலை. சாம்பல் நிற ரப்பர் மாதிரி இருக்கும். உள்ளே முழுக்க, எரிய உதவும் ஒருவகை உப்புப் பொடி. இயந்திரத்தில் மாட்டி இழுத்தால் முதலில் நீளும். பிறகு ரப்பர் உப்பை விட்டு விலகும், அந்த இடம் வெளுக்கும், கடைசியில் வெடிப்பு விடும்.

அந்த முறை ராக்கெட் குழாய்க்குள் வார்த்தது ரொம்ப விறைப்பாகிவிட்டது. கொஞ்சம் இழுத்தாலே வெளுத்தது. குழாயைக் குளிரில் வைத்தால் எரிபொருள் சுருங்கப் பார்க்கும். சுவரோடு ஒட்டியிருப்பதால் சுருங்க முடியாமல் நடுத் துளையில் கிழியும். கிழிசலுக்குள் தீ புகுந்தால் அழுத்தம் ஏறிக் குழாயே சிதறிவிடும். ஆகவே சேமிப்பறையில் ஏசி போடக்கூடாது என்று கூட்டத்தில் சொல்லியிருந்தேன். அன்று என் கணவர் லீவு. அவரும் அங்கேதான் வேலை பார்க்கிறார். ஆனால் வீட்டில் வேலைப் பேச்சு கிடையாது என்பது எங்கள் கட்டுப்பாடு.

குழாயை எரித்துப் பார்க்கும் சோதனை நாள் காலையில் சேமிப்பறையைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏசி பதினாறில் ஓடிக்கொண்டிருந்தது. குழாயைக் காணோம். அதை ஏற்றிக்கொண்டு, சோதனை நடக்கும் கிள்ளான் திடலுக்கு லோரி கிளம்பிவிட்டிருந்தது. யார் வேலை என்று கேட்கவே வேண்டியதில்லை. எங்கள் பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டிலும் ரிமோட் என் கணவர் கையில் கிடைத்தால் பதினாறுதான். திடலில் மணல் மூட்டைக்குப் பின்னால் நின்று, பற்றவைக்கும் பொத்தானை அழுத்தப்போவதும் அவர்தான்.

போன் போட்டேன், அவரும் எடுக்கவில்லை, கூடப் போனவர்களும் எடுக்கவில்லை. வாடகைக் காரில் ஏறினேன். நெடுஞ்சாலையில் நெரிசல், கார் நகர மறுத்தது. இந்த மனுஷன் உயிரோடு இருந்தால் நானே கொன்றுவிடுவேன் என்று நினைத்தேன். நினைத்ததற்கே பயந்து, வாய்விட்டு அழுதேன்.

திடலில் குழாயை நிறுத்தி, பற்றவைக்கும் கம்பியும் மாட்டிவிட்டிருந்தார்கள். கத்திக்கொண்டே ஓடினேன்.

"வெடிக்கிற சாமான்லா. குளுகுளுன்னு வச்சா சேஃப்தானே?" என்றார் அவர்.

"பேசாதீங்க. கம்பிய கழட்டிட்டு உள்ள கேமரா விடுங்க."

விட்டார்கள். திரையில் முடி மாதிரி ஒரு கோடு. கேமராவை நகர்த்த நகர்த்த அது நீண்டுகொண்டே போனது. அவர் அதைப் பார்த்தார், மணல் மூட்டையைப் பார்த்தார், புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று வீட்டில் ஏசி ஓடவில்லை. வியர்க்க வியர்க்கச் சோறு சாப்பிட்டார். நான் தண்ணீர் ஊற்றி அவர் பக்கம் வைத்தேன்.

"இனிமே நீயே வச்சிக்க" என்று ரிமோட்டை என் பக்கம் தள்ளினார்.

நான் ரிமோட்டை எடுக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். சூடாக இருந்தது.