டூபேயின் தொட்டியில் ஏறிய உப்பு

பெக்குமுசி டூபே எதையும் முதலில் கையால் கேட்பான், பிறகுதான் வாயால். ஜோகன்னஸ்பர்க் தங்கச் சுரங்கத்தில் பாறை துளைத்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரி ஒருவனின் தாடையை உடைத்துவிட்டு வேலையை இழந்தான். சொந்த ஊரான புலவாயோவுக்குத் திரும்பி, எங்கள் பூமூலாப் பேட்டையில் வீடு பிடித்த பிறகும் கை அடங்கவில்லை. பீர்க் கடையில் அவன் பக்கத்து நாற்காலி காலியாகவே இருக்கும்.

அப்படிப்பட்டவன் லெட்யூஸ் கீரை வளர்க்கப் போகிறான் என்றதும் தெருவே சிரித்தது. அதுவும் மண்ணில்லாமல். கொல்லையில் ஒரு தொட்டி, அதில் உரம் கரைத்த தண்ணீர். சின்ன மோட்டார் அதைத் துளையிட்ட பிளாஸ்டிக் குழாய்களுக்கு ஏற்றும். குழாயில் உட்கார்ந்திருக்கும் செடிகளின் வேரை நனைத்துவிட்டு மிச்சம் தொட்டிக்கே திரும்பும். குளிர்காலத்தில் வைத்த முதல் செடிகள் நன்றாக வந்தன. டவுனில் பர்கர் கடைக்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள். சிரிப்பு நின்றது.

எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை. வரும் நாளில் வீட்டில் இருக்கிற குளியல் தொட்டி முதல் குக்கர் வரை நிரப்பி வைப்போம். டூபே தன் டிரம்களை நிரப்பி, அன்றைக்கே எல்லாவற்றிலும் உரத்தையும் கரைத்துவிடுவான். தொட்டியில் மட்டம் இறங்க இறங்க டிரம்மிலிருந்து மொண்டு ஊற்றுவான். அளவில் பிசகமாட்டான். உர டப்பா மூடியால் அளந்து, மூடியில் ஒட்டியதை விரலால் வழித்துப் போடுவான். அளவு சரியாக இருந்ததாலேயே தப்பு எங்கே என்று அவனுக்குத் தெரியாமல் போயிற்று.

எங்கள் ஊரில் வெயில் உச்சத்துக்கு ஏறும் அக்டோபர் வந்தது. இலை ஓரங்கள் பீடித் தீயில் காட்டியதுபோல் கருகின. நடுப்பகலில் செடிகள் தலை தொங்கின. செடிக்குப் பசி என்று நினைத்து உரத் தண்ணீரை இன்னும் ஊற்றினான். தொட்டி விளிம்பிலும் குழாய் மூட்டுகளிலும் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. சுரண்டி நாக்கில் வைத்தான். கரித்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் சிகும்பூசோ மோயோவின் வீடு. மோயோ மாட்டிறைச்சியை நீளநீளமாகக் கீறி, கல்லுப்பு தேய்த்து, கம்பியில் உலர்த்தி விற்பவன். அவன் மேஜையிலும் செருப்பிலும்கூட உப்பு இருக்கும். மோட்டார் சத்தத்தில் தூக்கம் போகிறதென்று போன வாரம்தான் வேலியில் நின்று கத்தியிருந்தான்.

டூபே கடப்பாரையை எடுத்தான். மோயோ தெருக் கைப்பம்பில் வரிசையில் நின்றிருந்தான்.

"மோயோ! என் தொட்டில எவ்வளவு உப்புடா கொட்டின?"

"உப்பா? எனக்கு இறைச்சிக்கே பத்தல. ஆடு திங்கற எலைக்குக் கொட்டுறேனா?"

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் கடப்பாரை இறங்கியது. முதல் அடி தோளில். தலையைக் காக்க மோயோ வலது கையைத் தூக்கினான், அடுத்த அடி அதன்மேல் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் வரிசையின் கடைசி வரை கேட்டது. வாளிகள் உருண்டன. கீழே கிடந்தவனை டூபே உதைத்துக்கொண்டே கத்தினான்.

"விஷம் வைக்கிறவன்! செடிக்கு வச்சவன் நாளைக்கு உங்க பிள்ளைக்கும் வைப்பான்! இவன் இறைச்சியத் தொடாதீங்க!"

நாலைந்து ஆண்கள் சேர்ந்துதான் அவனைப் பிடித்து இழுக்க முடிந்தது. போலீஸ் கொண்டுபோய், வழக்கு எழுதி, வெளியே விட்டது. அவன் கத்திய கத்தல் மட்டும் தெருவிலேயே தங்கிவிட்டது. மோயோ ஆஸ்பத்திரியில் கிடக்க, அவன் மனைவி கம்பியில் தொங்கிய இறைச்சியைக் கூவிக் கூவி விற்றுப் பார்த்தாள். ஒருவரும் வாங்கவில்லை. யாரோ அவள் ஜன்னலில் கல்லெறிந்தார்கள். கடைசியில் எல்லாவற்றையும் நாய்களுக்கு அறுத்துப் போட்டாள்.

டூபே தொட்டியைக் கழுவி, டிரம் தண்ணீரை நிரப்பி, புது நாற்று வைத்தான். மட்டம் இறங்கியபோதெல்லாம் பழையபடி ஊற்றினான். வெயில் குறையவில்லை. இலை ஓரங்கள் மறுபடியும் கருகின.

அவன் மனைவி, மகள் தாண்டேகாவின் அம்மா நோமலாங்கா, அப்போது கீரை நறுக்கிக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து வந்து அவள் கழுத்தைப் பிடித்தான்.

"தாண்டேகா அம்மா, மோயோ ஆஸ்பத்திரில கெடக்கான். இப்ப உப்பு போட்டது யாரு? நீயா?"

"கைய எடு. எடுக்கலன்னா இந்தக் கத்தி உன் வயித்துக்குள்ள போயிடும். விளையாடுறேன்னு நெனைக்காத."

கத்தி முனை சட்டையைத் தொட்டிருந்தது. அவன் கையை எடுத்தான். அவள் கழுத்தைத் தடவிக்கொண்டே இரண்டு தகரத் தட்டுகளை எடுத்து, ஒன்றில் டிரம் தண்ணீரும் மற்றதில் தொட்டித் தண்ணீரும் ஒரே அளவு ஊற்றி வெயிலில் வைத்தாள். காய்ந்ததும் அவன் முன்னால் வீசினாள். டிரம் தட்டில் மெல்லிய வெள்ளை. தொட்டித் தட்டில் நகத்தால் பெயர்த்தெடுக்கும் கனத்தில்.

"நக்கிப் பாரு. ரெண்டும் ஒரே உப்பு, உன் உர உப்பு. வெயில்ல செடி தண்ணியத்தான் அதிகம் குடிக்குது, உப்ப விட்டுடுது. நீ மேல மேல உப்புத் தண்ணியே ஊத்துற. குழம்பு சுண்டினா நான் பச்சத் தண்ணி ஊத்துவேனா, இன்னும் உப்பு போடுவேனா?"

"அப்ப மோயோ?"

"மோயோ ஒண்ணும் பண்ணல. நீதான் அவன் கைய ஒடச்ச."

டூபே வெளியே போய் அதே கடப்பாரையால் தொட்டியை அடித்தான். பிளந்து தண்ணீர் போன பிறகும் அடித்தான். குழாய்கள் சிதறின, நாற்றுகள் சேற்றில் கிடந்தன. அடுத்த முறை தண்ணீர் வந்தபோது டிரம்களில் பாதிக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்து, அவற்றில் வெறும் தண்ணீரை மட்டும் நிரப்பி வைத்தான். ஊற்றுவதற்குத் தொட்டிதான் இல்லை.

கட்டுப் போட்ட கையோடு மோயோ வீடு திரும்பினான். டூபே வேலியோரம் போய்த் தணிந்த குரலில், "மோயோ, தப்பு என்னோடது" என்றான்.

"வேலிகிட்ட வந்து முணுமுணுக்காத. எங்க நின்னு கத்தினியோ அங்க வந்து கத்து."

கைப்பம்பில் வழக்கமான வரிசை. டூபே நடுவில் நின்றான்.

"மோயோ உப்பு கொட்டல! நானே உரத்த ஊத்தி ஊத்திக் கருக்கினேன்!"

"பின்னால கேக்கல டூபே," என்றாள் வரிசையின் கடைசியில் நின்ற ஒரு பெண். "அன்னிக்கு அடிக்கிறப்ப நல்லாக் கேட்டுதே."

மறுபடி கத்தினான், தொண்டை கிழிய. அவன் வாயை மூடுமுன் மோயோவின் இடது கை வந்தது. டூபேயால் விலகியிருக்க முடியும். விலகவில்லை. பம்புச் சிமெண்டில் முகம் மோத விழுந்தான். மோயோ வயிற்றில் உதைத்தான், திரும்பவும் உதைத்தான். யாரும் பிடிக்கப் போகவில்லை. டூபே துப்பியபோது ரத்தத்தோடு பல் வந்தது.

மோயோ சட்டைப் பையிலிருந்து ஓர் உலர்ந்த இறைச்சித் துண்டை எடுத்து நீட்டினான்.

"மெல்லு."

"பல்லு போச்சு..."

"இருக்கிற பல்லால மெல்லு. எல்லாரும் பாக்கட்டும். நிறுத்தினா இன்னொண்ணும் போகும்."

மண்டியிட்டபடியே மென்றான். மோவாயில் ரத்தம் வழிந்தது. பம்பு அடிப்பதை நிறுத்திவிட்டு எல்லாரும் பார்த்தார்கள். விழுங்கி முடித்து வாயைத் திறந்து காட்டினான்.

"மோயோ, எனக்கு ஒரு கட்டு இறைச்சி எடுத்து வை," என்றாள் அந்தப் பெண். "ரத்தம் படாததா."

"வைக்கிறேன்," என்றான் மோயோ, மாவுக்கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த வலது கை விரல்களை மடக்கப் பார்த்து, முடியாமல். "ஆனா இனிமே கீறுறது என் பொண்டாட்டிதான். துண்டு கோணலா இருந்தா இவன்கிட்டப் போய்க் கேளு."