பின்சீட்டக்கா

முதலில் பின்கதவைத்தான் திறப்பார். வண்டியைக் கொண்டுவந்தவர் முன்னால் நின்று, "பிக்கப்பே இல்லீங்க, நடுவுல நடுவுல உதறுது" என்று மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டிருப்பார். அக்கா அதற்கு "ம், ம்" கொட்டியபடியே பின்சீட்டில் ஏறி, செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். இஞ்சினைப் பார்ப்பார் என்று பானட்டைத் தூக்கிப் பிடித்திருக்கும் வண்டிக்காரரின் முகம் தொங்கிப்போகும். அப்புறம்தான் கேள்வி வரும்: "இந்த இடத்துல யாருங்க உட்கார்றது?"

மாமியார் என்றால் மாமியார் வந்தாக வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்றால் பிள்ளை வர வேண்டும். ஓட்டுகிறவரின் வாக்குமூலம் அக்காவிடம் செல்லாது. "ஓட்டுறவங்களுக்கு என்னங்க தெரியும்? கால் அவங்களோடது. எப்ப அழுத்தப் போறோம், எப்ப எடுக்கப் போறோம்னு அவங்க உடம்புக்கு முன்னாடியே தெரிஞ்சிடுது. கெட்டியா உட்கார்ந்துக்குது. பின்னாடி இருக்கிறவங்கதான் பாவம், அத்தனை அடியும் வாங்குறாங்க" என்பார். அதனால் அந்தப் பட்டறைத் தெருவில் அவருக்குப் பின்சீட்டக்கா என்று பெயர். வயதில் மூத்தவர்களும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். எனக்கு அவரைவிடப் பத்து வயதாவது கூடுதலாக இருக்கும். நானும் அக்கா என்றே கூப்பிடுகிறேன், அவரும் என்னைக் கூசாமல் அண்ணே என்கிறார்.

பட்டறை டயர்க் கடைக்கும் கண்ணாடி அறுக்கும் கடைக்கும் நடுவில் இருக்கிறது. ஒரு பக்கம் டமால், இன்னொரு பக்கம் கிரீச். இவற்றுக்கு நடுவே அக்காவின் குரல் தனியாகக் கேட்கும், ஏனென்றால் அவர் போல்ட்டுகளோடு பேசுகிறவர். சொன்ன பேச்சுக் கேட்டுக் கழன்று வரும் போல்ட்டு "என் தங்கம்". அடம்பிடிப்பது "போடா சனியனே". ஒரே போல்ட்டு ஒரே நிமிடத்தில் இரண்டு பட்டமும் வாங்குவதை நான் பார்த்திருக்கிறேன். ஆணுடைய முழுக்கைச் சட்டை, அதன் பையில் டார்ச், கை துடைக்கக் கிழித்து வைத்த பழைய படுக்கை விரிப்பு. கணவர் கணக்கு வாத்தியார். அவருக்கு சைக்கிளைத் தவிர வேறெதுவும் ஓட்டத் தெரியாது. மதியம் சாப்பாட்டுப் பையோடு வந்து, காருக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கால்களைப் பார்த்து, "ஆறிடப் போகுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார்.

இன்னொன்று சொன்னால் சிரிப்பீர்கள். அக்காவுக்குக் கார் ஒத்துக்கொள்ளாது. முன்னால் உட்கார்ந்து ஓட்டினால் ஒன்றுமில்லை, பின்சீட்டில் கொஞ்ச தூரம் போனாலே குமட்டல் எடுத்துவிடும். கார் மெக்கானிக்குக் கார் ஒத்துக்கொள்ளாதென்றால் யாரிடம் போய்ச் சொல்வது! சட்டைப் பையில் டார்ச்சோடு ஒரு எலுமிச்சம்பழமும் கிடக்கும். மோந்து மோந்து பார்த்துக்கொள்வார். "எனக்கு எவ்வளவு சீக்கிரம் பொரட்டுதோ, வண்டிக்கு அவ்வளவு கோளாறு இருக்குன்னு அர்த்தம்" என்று அதையும் தொழிலுக்குத் தோதாக்கிக்கொண்டுவிட்டார்.

நான் அவரிடம் போனது என் மனைவிக்காக. முதுகுத்தண்டில் அறுவை முடிந்து வீட்டில் கிடந்தாள். இடது காலில் உணர்வு அரைகுறையாகத்தான் திரும்பியிருந்தது. மருத்துவமனையின் பயிற்சிக்கூடத்தில் ஒரு இயந்திரம் இருக்கிறது, அதில் நிற்க வைத்து நடக்கப் பழக்குகிறார்கள். "இப்ப விட்டுட்டா கால் இப்படியே நின்னுடும்மா, ஒரு வாரம்கூடத் தவற விடாதீங்க" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எங்கள் காரோ டர்போ வைத்த, கிளட்ச் இல்லாத ஆட்டோமேடிக் கார். ஆக்சிலேட்டரை மிதித்தால் இழுக்கும், விடும், மறுபடி இழுக்கும். காலை எடுத்தால் தலைகுப்புறத் தள்ளும். எனக்கு அது எரிச்சல். தையல் போட்ட முதுகோடு பின்னால் தலையணை சூழ உட்கார்ந்திருந்தவளுக்கு அது ஒவ்வொன்றும் ஈட்டிக் குத்து.

வாடகைக் காரிலும் கூட்டிப் போய்ப் பார்த்தேன். அந்தப் புண்ணியவான் பிரேக்கைக் காலால் மிதித்தாரா, கடப்பாரையால் குத்தினாரா தெரியாது, இவள் அழுதுகொண்டே வீடு வந்தாள். கம்பெனிக்காரர்களின் பெரிய பணிமனையில் எங்கள் காரை நாள் முழுக்க வைத்திருந்து, பளபளவென்று கழுவி, "கம்ப்யூட்டர்ல ஒண்ணும் காட்டல சார், வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். "வண்டி நல்லாத்தாங்க இருக்கும். என் உடம்புதான் ஒண்ணத்துக்கும் ஆகாம போயிடுச்சு. இனிமே என்னை எங்கயும் கூப்பிடாதீங்க" என்றாள். அந்த வாரப் பயிற்சி போயிற்று.

யாரோ சொல்லி அக்காவின் பட்டறைக்குப் போனேன். வழக்கம்போல் பின்கதவைத் திறந்தார். தலையணைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றாகத் தூக்கி, எது எந்த இடத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு, அதே இடத்தில் திருப்பி வைத்தார்.

"இந்தத் தலகாணிக்கு நடுவுல உட்கார்றவங்க எங்க?"

"வீட்ல. கார்ல ஏற மாட்டேங்கிறா."

"அப்ப நான் வீட்டுக்கு வரேன். அவங்களக் கேக்காம நான் எதைப் பாக்குறது?"

சாயந்திரம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையை முழங்கை வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நலம் விசாரிப்பெல்லாம் இல்லை, நேரே விஷயத்துக்கு வந்தார். "அண்ணி, அண்ணன் மிதிக்கும்போது எங்க அடிக்குது? கழுத்துலயா, முதுகுலயா? ஒரே தள்ளா, விட்டு விட்டா? மெதுவாப் போறப்பவா, வேகம் எடுக்குறப்பவா?"

என் மனைவி தன் உள்ளங்கையை விரித்து, அதைக் காராக வைத்து ஓட்டிக் காட்ட ஆரம்பித்தாள். "பாலம் ஏறும்போதுதான் ஜாஸ்தி. முதுகப் பிடிச்சு ஒரு தள்ளு தள்ளும், உடனே கைய எடுத்துடும், மறுபடி தள்ளும். விடும்போது வேற மாதிரி, இடுப்புல ஒரே குத்து." அக்கா தன் கையையும் அதேபோல் ஓட்டி, "இப்படியா? இல்ல, இப்படியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் எதிரெதிரே கையைக் காராக ஓட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையோ நாள் கழித்து அவள் அவ்வளவு பேசி அன்றுதான் கேட்டேன். 'உங்களுக்கு மனசுல பயம்' என்று சொல்லாமல், அவள் சொன்னது அத்தனையும் நிஜம் என்று எடுத்துக்கொண்ட முதல் ஆள் அக்கா. அதற்கே அந்தப் பெண்மணிக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

மறுநாள் பட்டறையில் என்னையும் நிற்க வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். டர்போ அழுத்தித் தள்ளும் காற்று இஞ்சினுக்குப் போக ஒரு தடித்த ரப்பர்க் குழாய் இருக்கிறது. அதன் ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் காற்றை ஏற்றி, மேலே சோப்பு நுரையைத் தடவினார். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் காற்று ஏற்றினார். கிளிப்புக்கு அடியிலிருந்து புஸ்ஸென்று குமிழி கிளம்பியது. "பாருங்கண்ணே, திருட்டுப் பய எங்க ஒளிஞ்சிருக்கான்னு! சும்மா நிக்கும்போது வாய மூடிக்குவான். பாலம் ஏறும்போது காத்து முட்டுனதும் வாயத் திறந்துடுவான். இஞ்சினுக்கு மூச்சு முட்டும். அண்ணி சொன்னது அப்படியே இருக்கா இல்லையா?" குழாயை மாற்றினார். நான் ஓட்டிப் பார்த்தேன். வெண்ணெய்போல் வழுக்கிக்கொண்டு போனது. ஆனந்தத்தில் வழியெல்லாம் எனக்கு நானே பேசிக்கொண்டு வந்தேன்.

கெஞ்சிக் கூத்தாடி அவளை ஏற்றினேன். பாலம் ஏறினோம், பாதகமில்லை. "பரவாயில்லையே" என்றுகூடச் சொன்னாள். பாலம் இறங்கும்போது முன்னால் ஒரு லாரி நிற்க, காலை எடுத்தேன். டங்கென்று ஒரு குத்து. பின்னாலிருந்து அவள் வீறிட்டுக் கத்தினாள். அப்படியே திரும்பி வீட்டுக்கு வந்தோம். அவள் அழவில்லை. "போதுங்க. விட்டுடுங்க. நடக்கலேன்னா நடக்கல" என்றாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அக்காவுக்குப் போன் போட்டுக் கன்னாபின்னாவென்று கத்தினேன். அவர் கிரீஸ் படிந்த சட்டையோடு அப்படியே கிளம்பி வந்து, வாசலைத் தாண்டும்போதே பேச ஆரம்பித்தார். "அண்ணி, நீங்க அன்னைக்கே ரெண்டு சொன்னீங்க. தள்ளுறது முதுகுல, குத்துறது இடுப்புலன்னு தனித்தனியாச் சொன்னீங்க. ஒண்ணு கிடைச்ச சந்தோஷத்துல நான் ரெண்டாவதத் தேடாம விட்டுட்டேன். அண்ணனையும் தனியா ஓட்டிப் பாக்கச் சொல்லிட்டேன். யாரையும் பின்னாடி உட்கார வைக்கல, நானும் உட்காரல. ஊருக்கெல்லாம் சொல்றத நானே செய்யல. என் தப்புதான், நல்லாத் திட்டுங்க" என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றார். என் மனைவி திட்டவில்லை. தலையணையை நகர்த்திவிட்டு, கட்டிலில் பக்கத்திலேயே உட்காரச் சொன்னாள்.

எங்கள் வீட்டு வாசலிலேயே பானட்டைத் திறந்தார். "அண்ணே, பிரேக்க அழுத்திப் பிடிச்சுக்கிட்டு, கியர முன்னாடி ஒரு தரம், பின்னாடி ஒரு தரம் மாத்துங்க" என்றார். மாற்றினேன். தூக்கத்தில் யாரோ உலுக்கிய மாதிரி இஞ்சின் எழுந்து எழுந்து விழுந்தது. இஞ்சினைக் காரின் உடம்போடு பிடித்து வைத்திருக்கும் ரப்பர்த் தாங்கி அடியில் கிழிந்து தொங்கிக்கொண்டிருந்தது. காலை எடுக்கும்போதெல்லாம் மொத்த இஞ்சினும் சாய்ந்து வந்து இடித்திருக்கிறது. அதன் ஆட்டத்தில்தான் அந்தக் குழாயும் இழுபட்டுக் கிழிந்ததாம். "நல்லவேளை அண்ணி, நீங்க இன்னைக்குக் கத்துனீங்க. இல்லேன்னா நான் போட்ட புதுக் குழாயும் கொஞ்ச நாள்ல கிழிஞ்சிருக்கும்" என்று அவர் ஜன்னல் வழியாக உள்ளே பார்த்துச் சொன்னபோது, வெகுநாளாகச் சிரிக்காத என் மனைவி லேசாகச் சிரித்தாள்.

தாங்கியை மாற்றியாயிற்று. ஆனால் சூடு பட்ட உடம்பு எப்படி நம்பும்? பயிற்சிக்குப் போக வேண்டிய அன்று காலை, காருக்கு முன்னால் கோலை ஊன்றிக்கொண்டு அசையாமல் நின்றாள். "நானும் வரேன்" என்று அக்கா பின்சீட்டில் ஏறிக்கொண்டார். துவைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். "என் கையப் பிடிச்சுக்குங்க அண்ணி. கொஞ்சம் வலிச்சாலும் நறுக்குன்னு கிள்ளிடுங்க. ரத்தம் வந்தாலும் பரவாயில்ல. நான் கத்துனா அண்ணன் நிறுத்திடுவாரு." வழியில் நிறுத்தி நிறுத்திப் போக வேண்டியிருக்கும் என்று நினைத்து, முன்கூட்டியே கிளம்பினோம்.

அன்று நான் சாலையைக் கண்ணால் பார்த்தேன், காதை முழுக்கப் பின்னால் வைத்திருந்தேன். தெருமுனையில் காலை எடுத்தேன். சத்தமில்லை. பாலம் ஏறினேன், இறங்கினேன். சத்தமில்லை. பழைய குத்து விழுந்த அதே இடத்தில் ஒரு பேருந்து குறுக்கே வந்து நின்றது. காலை எடுத்தேன். கார் தானாகவே பதவிசாக வேகம் குறைந்து நின்றது. பின்னால் யாரும் கத்தவில்லை. கடவுளே, கத்தவில்லை! அங்கேயே இறங்கி அக்காவின் காலில் விழலாமா என்று தோன்றியது. பின்னால் நின்ற வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், கிளம்பினேன்.

மருத்துவமனை வாசல் வந்தது. இன்னும் நேரம் இருந்தது. உள்ளே திருப்புவதற்காக வேகத்தைக் குறைத்து, "வந்துட்டோம்" என்று சொல்லப் போனவன் கண்ணாடியில் பார்த்தேன். படுத்தாலும் புரண்டாலும் வலி என்று இரவெல்லாம் விழித்துக் கிடந்த என் மனைவி, அக்காவின் தோளில் சாய்ந்து வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிக்கொண்டிருந்தாள். குமட்டலில் அக்காவின் முகம் வெளிறியிருந்தது, நெற்றியெல்லாம் வேர்வை. தோள் அசையாமல் கையை மட்டும் மெல்லத் தூக்கி, தூங்கட்டும், இன்னொரு சுற்றுப் போங்கள் என்பதுபோல் ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டுக் காட்டினார்.