வால்வுக்குப் பூசிய பெயின்ட்

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு வெப்ப இயக்கவியல் நடத்துகிறவன் நான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதற்கு என்னைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

சங்கரன்கோவிலில் என் அத்தான் சைசிங் ஆலை வைத்திருந்தார். பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்றி, நீராவிச் சூட்டில் உலர்த்தும் ஆலை. அங்கே பாய்லர்காரர் சுயம்புலிங்கம். அதிகம் பேசமாட்டார். அழுத்தம் மிஞ்சினால் தானாகத் திறந்து நீராவியை விடும் சேப்டி வால்வு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று, தினமும் காலையில் அதன் லீவரை ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகுதான் விறகு போடுவார்.

1979 ஆயுத பூஜைக்கு அங்கே போயிருந்தேன். பாய்லர் பளபளவென்று இருக்கட்டும் என்று நானே பிரஷ்ஷை எடுத்து வெள்ளி பெயின்ட் அடித்தேன். வால்வையும் விடவில்லை. மேலே சந்தனம், குங்குமம் வைத்தார்கள்.

மறுநாள் விஜயதசமி. பொட்டு அழிந்துவிடுமே என்று சுயம்புலிங்கம் அன்று ஒருநாள் லீவரைத் தொடவில்லை. பத்து மணிக்குப் பாவு அறுந்து மெஷின் நின்றது. நீராவி போக வழியில்லை. நூறு பவுண்டு அழுத்தத்தில் திறக்க வேண்டிய வால்வு, பெயின்ட் காய்ந்து ஒட்டிக்கொண்டதால் திறக்கவில்லை. அழுத்தமானியின் முள் நூற்றிருபதைத் தாண்டியது.

நான் ஓடிப்போய், நீராவியை மொத்தமாக வெளியே விடும் பெரிய வால்வைத் திறக்கப் பார்த்தேன். சுயம்புலிங்கம் என் கையைப் பிடித்துத் தள்ளினார்.

"தொறக்காதிய சார். இம்புட்டுச் சூட்டுலயும் உள்ள தண்ணி தண்ணியா கிடக்குன்னா அழுத்தம் பிடிச்சு வச்சிருக்கு. சட்டுனு விட்டா அம்புட்டும் ஆவியா சீறிரும். பொம்பளைகளை வெளிய கூட்டிட்டுப் போங்க."

அதைத்தான் நான் வருஷாவருஷம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

சுவருக்கு அந்தப்பக்கம் நூல் சுற்றும் பெண்கள் பதினாலு பேர். அவர் மனைவி ஆறுமுகத்தாயும் அதில் ஒருத்தி. நான் அவர்களை வெளியேற்றினேன். அவர் தனியாக நின்று எரிகிற விறகை எல்லாம் வெளியே இழுத்துப் போட்டார். தணல் அவர் கால்களைச் சுற்றிக் கிடந்தது. முள் மெல்ல இறங்கியது. இரண்டு பாதங்களும் வெந்துபோயின.

விசாரணைக்கு வந்த அதிகாரி, வால்வுக்குப் பெயின்ட் அடித்தது யார் என்று கேட்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடி சுயம்புலிங்கம், "நாந்தான்" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

அதிகாரி போனதும், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"லீவரை இழுத்துப் பாக்காதது நாந்தானே. இதுல உங்க பேரு எதுக்கு?"

அவருடைய பாய்லர் ஓட்டும் சான்றிதழைப் பறித்துவிட்டார்கள். அதன்பிறகு புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டில் உட்கார்ந்தபடி காய் பிரித்தார். நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. வெட்கம்.

1986இல் அவர் இறந்தபோது துட்டிக்குப் போனேன். ஆறுமுகத்தாய் எழுந்து என்னிடம் வந்தாள்.

"நீங்க பெயின்ட் அடிச்சதை நான் பாத்தேன் சார். ஆபீசர்கிட்டச் சொல்லப் போனேன். 'வாத்தியாரே ஒருநாள் சொல்லுவாரு, பொறுட்டி'ன்னு அவுகதான் தடுத்துட்டாவ."