முதலில் சலாம், பிறகு கோட்டை, பிறகு மீன்

பத்து வருடத்துக்கு முன்பு, தந்தா என்ற உள்நாட்டு ஊரிலிருந்து கடல் பார்க்க வந்த ஒரு குடும்பத்தின் சின்னப் பெண், கரைச்சுவரில் உட்கார்ந்து காலை ஆட்டியதில் ஒற்றைச் செருப்பைத் தண்ணீரில் விட்டுவிட்டாள். அழுகை நிற்கவில்லை. குதிரைவண்டிக்காரர் ஃபிக்ரி அவர்களைக் கோட்டை வாசலில் இறக்கிவிட்டு, அவர்கள் சுற்றிப்பார்க்கும் நேரத்தில் எங்கோ போய்வந்தார். அவர் கையில் ஒரு ஜோடிச் செருப்பு இருந்தது.

"கடல் திருப்பிக் குடுத்திருச்சும்மா. ஒத்தையா குடுக்க வெட்கப்பட்டு ஜோடியா குடுத்திருக்கு" என்றார்.

விழுந்தது சிவப்பு, இது நீலம். பிள்ளையும் கேட்கவில்லை, தகப்பனும் கேட்கவில்லை. செருப்புக் கடைக்காரர் என்னிடம் சொன்னதால்தான் எனக்கே தெரியும்.

என் பெயர் பயூமி. அலெக்சாந்திரியாவில், மன்ஷியா திடலுக்கு எதிரே கடலோரச் சாலையில் தள்ளுவண்டி வைத்திருக்கிறேன். உப்புத்தண்ணீரில் ஊறிய திர்மிஸ் பயறை எலுமிச்சை பிழிந்து, பொட்டலம் கட்டி விற்பேன். ஃபிக்ரியின் குதிரை சுக்கரா நிற்கும் இடம் என் வண்டியிலிருந்து பத்தடி. இருபத்திரண்டு வருடம் அப்படித்தான் நின்றோம்.

ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு அவர் வைத்திருந்தது ஒரே சுற்று. முதலில் சீதி முர்சி என்ற இறைநேசர் அடங்கியிருக்கும் பள்ளிவாசல். "ஒரு வீட்டுக்கு வந்தா வீட்டுக்காரருக்கு சலாம் சொல்லாம சமையல்கட்டுக்கா போவீங்க?" என்பார். அடுத்து கைத்பே கோட்டை. அதன்பின் அன்ஃபூஷி மீன் சந்தை. அங்கே மீனைப் பொறுக்கி அடுப்புக்காரனிடம் கொடுத்தால், தவிட்டில் புரட்டி, தோல் கருகச் சுட்டுத் தருவான். "கோட்டையில ஏறுறவன் கீழ பாக்கக் கூடாது, மீன் தின்னுறவன் வாயத் தொறந்து பேசக் கூடாது. இவ்வளவுதான் இந்த ஊரு."

சுற்றை மாற்றச் சொன்னால் மாற்றமாட்டார். வண்டிக்காரரை மரியாதையாக உஸ்தா என்போம். பக்கத்து வண்டிக்காரன் ஷிஹாத்தா கிண்டல் செய்வான்: "உஸ்தா ஃபிக்ரி வண்டியில ஏறினா சொர்க்கத்துக்குக்கூட முர்சி வழியாத்தான் போகணும்."

"உன் வண்டியில ஏறினா வழியே வேண்டாம்டா, நேரா போயிரலாம்" என்பார் அவர்.

எல்லோரும் பிடிவாதம் என்று நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒருநாள் நான் பொட்டலத்தை நீட்டியபோது அவர் கை அதற்கு ஒரு சாண் தள்ளிக் காற்றைப் பிடித்தது. இன்னொருநாள் மடித்துவைத்த குடையைப் பார்த்து சலாம் சொன்னார். பிறகு கவனித்தேன். கடிவாளம் அவர் மடியில் தளர்ந்தே கிடக்கும். போவதும் நிற்பதும் திரும்புவதும் சுக்கராதான். அந்த ஒரு சுற்றுதான் அவளுக்கு மனப்பாடம்.

நான் சொல்லவில்லை. வண்டி நின்றால் அவர் வீட்டில் அடுப்பு நிற்கும்; உண்மை அதுதான். ஆனால் வண்டியில் பிறர் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். தொழுகையில் அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பேன். எழுந்து வந்து மறுபடி பேசாமல் இருப்பேன். "உஸ்தா, இடது பக்கம் பஸ் வருது, டிரைவரப் பாத்தா உங்க மச்சான் மாதிரி இருக்கான்" என்று வேடிக்கைபோலக் கத்துவேன். அவ்வளவுதான் நான் செய்தது.

போன ரஜப் மாதம், மின்யாவிலிருந்து ஹாஜி அப்துல் மௌலா என்பவர் மனைவியோடும் இரண்டு பெண்களோடும் வந்தார். ஒரே நாளில் பார்க்கவேண்டியவை என்று பதினோரு இடங்களை மருமகன் எழுதி போனில் அனுப்பியிருந்தான்.

"முதல்ல பெரிய நூலகம்" என்றார் ஹாஜி.

"முதல்ல சீதி முர்சிக்கு சலாம்" என்றார் ஃபிக்ரி.

"விடியக்கால சுப்ஹு தொழுகையே அங்கதான் தொழுதோம் உஸ்தா. சலாம் சொல்லியாச்சு, பிள்ளைங்க நேர்ச்சையும் வச்சாச்சு. நூலகத்துக்கு ஓட்டுங்க."

மேற்கே பள்ளிவாசல், கிழக்கே நூலகம். அன்று காலையிலிருந்து வேறு சவாரியும் வந்திருக்கவில்லை. கடிவாளத்தைக் கிழக்கே இழுத்தார். சுக்கரா மேற்கே நடந்தாள். மறுபடி இழுத்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினாள்.

"குதிரைக்கு வழி தெரியாதா, உங்களுக்கா?" என்று ஹாஜியின் மனைவி சிரித்தாள்.

ஐம்பதடி போயிருப்பார்கள். அங்கே குழாய் பதிக்கச் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். என் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. சுக்கரா நின்றுவிட்டாள். ஃபிக்ரி சவுக்கை எடுத்தார். அவர் அவளை அடித்து நான் பார்த்ததே இல்லை. ஓர் அடி விழுந்தது. அவள் அசையவில்லை.

"உஸ்தா, முன்னாடி பள்ளம்" என்றாள் மூத்த பெண்.

"எங்க?"

"குதிரை கால்கிட்டயே. உங்களுக்குத் தெரியலயா?"

"எவ்வளவு ஆழம்?"

"என் உயரம் இருக்கும்."

ஃபிக்ரி சவுக்கைக் கீழே போட்டார். "இறங்குங்க ஹாஜி. பிள்ளைங்களத் தூக்கிக்கங்க. எனக்குக் கண்ணு தெரியாது."

"யா ரப்! தெரியாமயா எங்கள ஏத்தின?" ஹாஜி அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். ஃபிக்ரி விலக்கவில்லை. "பிடிங்க. உங்களுக்கு அந்த உரிமை இருக்கு" என்றார். மனைவிதான் கணவரின் கையை எடுத்துவிட்டாள். அவர்கள் டிராமுக்கு நடந்தார்கள்.

நான் குதிரையைப் பிடித்துத் திருப்பிக்கொண்டு வந்தேன். அவர் ஒரு கையால் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். வழி முழுக்க சுக்கராவின் கழுத்தைத் தடவிக்கொண்டே வந்தார். அன்று மதியமே வண்டியின் உரிமத் தகட்டைக் கழற்றி உரிய அலுவலகத்தில் ஒப்படைத்தார். நான் வற்புறுத்திய பிறகு கண் வைத்தியரிடம் வந்தார். இரண்டு வருடம் முன்னால் வந்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம் என்றார் வைத்தியர். அந்த வார்த்தை இன்றும் என் தலைமேல் இருக்கிறது.

தமன்ஹூரில் இருக்கும் மகள் வீட்டோடு அவர் போய்விடுவதென்று முடிவாயிற்று. கொல்லையில் சுக்கராவுக்கும் இடம் இருந்தது. ரயில் நிலையத்தில் பெட்டியை ஏற்றிக் கொடுத்துவிட்டு, இனியும் மறைக்கத் தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"உஸ்தா, என்னை மன்னிச்சிருங்க. உங்களுக்குக் கண்ணு தெரியலன்னு எனக்கு ரெண்டு வருஷமா தெரியும்."

அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். கொஞ்சம் தள்ளித்தான் திருப்பினார்.

"அடப் பாவி," என்றார், "எனக்கே ஒரு வருஷமாத்தானே தெரியும்."